மூன்றாவது ஓட்டைக்குப் பின்னால்

சுவரில் இருக்கிற பிளக் பாயிண்ட்டில் மூன்று ஓட்டை. கீழே இரண்டு, மேலே ஒன்று, அது மட்டும் கொஞ்சம் பெரிசு. அது எதற்கு என்று வேங்கிக்காலில் யாரைக் கேட்டாலும் "எர்த்து சார்" என்று பட்டென்று சொல்லிவிடுவார்கள். தெரியாதவர் யாரும் இல்லை. ஸ்க்ரூவைக் கழற்றி பிளேட்டை வெளியே இழுத்துப் பார்த்தால்தான் சங்கதி. சிவப்பு வயர் ஒன்று வந்திருக்கும், கறுப்பு வயர் ஒன்று வந்திருக்கும். பச்சை வயர் வந்து சேரவேண்டிய இடத்தில் ஒரு பித்தளைத் திருகு, கடையில் வாங்கிய பளபளப்பு மாறாமல், யாரும் முடுக்காமல் சும்மா உட்கார்ந்திருக்கும்.

இதைப் பார்த்து வயிறெரிகிற ஆள் இந்தப் பக்கத்தில் நான் ஒருவன்தான் போலிருக்கிறது. சென்னையில் ஓர் ஆராய்ச்சிக் கூடத்தில் மின் பாதுகாப்புத் தரநிலைகளைப் பார்க்கிற இன்ஜினியர் நான். வாரமெல்லாம் தரமணிப் பக்கம். சனிக்கிழமையானால் கிளாம்பாக்கத்தில் பஸ் ஏறி, திருவண்ணாமலையில் இறங்கி, வேலூர் ரோட்டில் ஷேர் ஆட்டோ பிடித்தால் கலெக்டர் ஆபீஸ் பக்கத்தில் வீடு. தெருவில் என்னைப் பற்றிய பொது அபிப்பிராயம், நான் ஈ.பி.யில் ஏதோ பெரிய ஆள் என்பது. "மீட்டர் வேகமா ஓடுது சார், கொஞ்சம் சொல்லி வையுங்க" என்பார்கள். நான் ஈ.பி. இல்லை, கரண்ட் பட்டு ஆள் சாகாமல் இருக்க விதிகள் இருக்கின்றன, அந்த விதிப்படி சாமானைச் சோதிக்கிற வேலை என்று விளக்கினால் ஒரு மாதிரிப் பார்ப்பார்கள். பக்கத்து வீட்டுப் பெரியவர் நேராகவே கேட்டுவிட்டார்: "கரண்டைத் தொட்டா ஷாக் அடிக்கும்னு ஊருக்கே தெரியும். இதுல ஆராய்ச்சி பண்றதுக்கு இன்னா இருக்குது?"

இருக்கிறது, பெரியவரே. எங்கள் கூடத்தில் ஒரு விரல் இருக்கிறது. உலோகத்தில் செய்த விரல். 12 மில்லிமீட்டர் தடிமன், 80 மில்லிமீட்டர் நீளம், நம் விரல் மாதிரியே இரண்டு இடத்தில் மடங்கும். அதன் அளவெல்லாம் ஐ.இ.சி. 61032 என்ற உலகத் தரநிலையில் படம் போட்டு எழுதியிருக்கிறது. மிக்ஸி வந்தாலும் சரி, கிரைண்டர் வந்தாலும் சரி, அந்த விரலை ஒவ்வொரு சந்திலும் விட்டுத் துழாவுவோம். கரண்ட் ஓடுகிற பாகத்தில் பட்டுவிட்டால் அதோடு ஃபெயில். குழந்தை விரல் அளவுக்கு இன்னும் ஒல்லியாகத் தனியே உண்டு. 93 சதவீத ஈரப்பதம் உள்ள அறையில் சாமானை 48 மணி நேரம் உட்கார வைத்து, அந்த ஈரத்தோடு 1,250 வோல்ட் ஏற்றுவோம். பிளாஸ்டிக் மேல் 5 மில்லிமீட்டர் குண்டை வைத்து அழுத்திச் சூடு பண்ணுவோம். பள்ளம் 2 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது. பழுக்கக் காய்ச்சிய கம்பியால் சூடு வைப்போம். பிளக்கைப் பிடுங்கி ஒரு வினாடி கழித்துப் பின்களைத் தொட்டால் 34 வோல்ட்டுக்கு மேல் மிச்சம் இருக்கக் கூடாது என்றுகூட ஒரு விதி உண்டு, பிடுங்கிய கையோடு பின்னைப் பிடிக்கிற ஆளும் உலகத்தில் இருக்கிறானே என்று யோசித்து எழுதியது. மனிதன் எத்தனை விதமாக அசட்டுத்தனம் செய்வானோ அத்தனையையும் அவனுக்கு முன்னாலேயே செய்து பார்த்துவிடுகிற உத்தியோகம்.

இவ்வளவும் பார்த்து, ரிப்போர்ட் எழுதி, கையெழுத்துப் போடுகிறோம். அந்த ரிப்போர்ட்டில் ஒரு பொடி வரி உண்டு: இந்தச் சாதனம் கிளாஸ் ஒன். என் ஆதங்கம் முழுக்க அந்த வரிக்குள்தான் இருக்கிறது.

கிளாஸ் டூ என்றால் சதுரத்துக்குள் ஒரு சதுரம் போட்டிருக்கும். செல்போன் சார்ஜரைத் திருப்பிப் பாருங்கள், தெரியும். அதற்கு இரட்டைக் காப்பு, எர்த் வேண்டியதில்லை, இரண்டு பின்னே போதும். இஸ்திரிப் பெட்டி, ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின், கீசர், தண்ணீர் மோட்டார் என்று வீட்டில் கனமாக இருப்பவை பெரும்பாலும் கிளாஸ் ஒன். இவற்றில் உள்ளே ஒரு காப்பு. அது கெட்டுப்போனால் அடுத்த காவல் எர்த். அதற்காகத்தான் எர்த் முனையிலிருந்து உலோக உடம்பு வரை 25 ஆம்பியர் ஓட்டி, தடை 0.1 ஓமுக்குள் இருக்கிறதா என்று மில்லி ஓம் கணக்கில் அளக்கிறோம். அதற்காகத்தான் எர்த் பின்னை மற்ற இரண்டையும்விட நீளமாக வைத்திருக்கிறார்கள், உள்ளே போகும்போது முதலில் தொட வேண்டும், வெளியே வரும்போது கடைசியாக விட வேண்டும் என்று. கம்பெனிக்காரன் எர்த் முனையில் ஒரு வாஷரைக் குறைத்துவிட்டால் நாங்கள் மாதக்கணக்கில் கடிதம் எழுதுகிறோம். சாமானை நாங்கள் பாஸ் பண்ணுவதே, அதைச் சொருகும் சுவரில் எர்த் இருக்கிறது என்று எடுத்துக்கொண்டுதான். சுவரில் அது இல்லை. தரநிலை பிளக்கோடு முடிந்துபோகிறது.

கொத்தனாரும் ஊர் எலெக்ட்ரீஷியனும் சேர்ந்து செய்கிற காரியம், படிப்பில்லாததால் வந்த வினை என்று யாராவது சொன்னால் எனக்கு இன்னும் கோபம் வரும். படித்தவர் லட்சணத்தை வாரத்தில் ஐந்து நாள் பார்க்கிறேன். ஆராய்ச்சிக் கூடங்களில் ஆஸிலோஸ்கோப் என்று ஒரு கருவி எல்லா மேஜையிலும் இருக்கும். அதன் புரோபில் இருக்கிற முதலை கிளிப், கருவியின் உடம்போடும், உடம்பு எர்த் பின்னோடும் சேர்ந்தது. மெயின்ஸ் மின்சாரத்தில் நேரடியாக இருக்கிற ஒரு சர்க்யூட்டில் அந்த கிளிப்பை மாட்டினால் டப்பென்று வெடிக்கும். அதற்கு டிஃபரன்ஷியல் புரோப் என்று தனியாக இருக்கிறது. ஆனால் அது பட்ஜெட்டில் இல்லை. ஆகவே நம் ஆராய்ச்சியாளர் என்ன செய்வார்? எர்த் பின்னை வெட்டிவிடுவார், அல்லது இரண்டு பின் அடாப்டரில் சொருகிவிடுவார். 'ஸ்கோப்பை ஃப்ளோட் பண்றது' என்று அதற்கு ஒரு கௌரவமான பெயரும் வைத்திருக்கிறார்கள். இப்போது கருவியின் உலோக உடம்பு முழுவதும் 300 வோல்ட்டுக்கு மேல் மிதக்கும். அதன் குமிழைத் திருகிக்கொண்டு அவர் கட்டுரைக்கு அலைவடிவம் எடுப்பார்.

கேட்டால், "எர்த் போட்டா சிக்னல்ல நாய்ஸ் வருது சார். 50 ஹெர்ட்ஸ் ஹம்" என்பார். உண்மைதான், எர்த் லூப் இருந்தால் ஹம் வரும். அதைத் தீர்க்க முறையான வழிகள் உண்டு. பின்னை வெட்டுவது அந்த வழிகளில் ஒன்றில்லை. போன வாரம் இப்படி ஒரு மேஜையைச் சிவப்பு டேப் ஒட்டி நிறுத்தினேன். டாக்டர் பட்டம் வாங்கியவர், ஏகப்பட்ட கட்டுரைகள் போட்டவர், என்னிடம் சொன்ன பதில்: "இத்தனை வருஷமா இப்படித்தான் பண்றோம், ஒண்ணும் ஆகலையே." சனிக்கிழமை ஊருக்கு வந்தால், எட்டாவதோடு நிறுத்திவிட்டு வயரிங்கில் இறங்கிய தம்பி, அட்சரம் பிசகாமல் அதையே சொல்கிறார். "நான் கட்டின வீட்ல இதுவரைக்கும் ஒண்ணும் ஆகல சார்."

இந்த 'ஒண்ணும் ஆகலையே'யை எந்த ரிப்போர்ட்டாலும் ஜெயிக்க முடியாது. நாடு முழுக்க மின்சாரம் தாக்கி ஆண்டுக்குப் பன்னிரண்டாயிரம் பேருக்கு மேல் சாகிறார்கள் என்று தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்கு சொல்கிறது. அத்தனை வீட்டிலும் முந்தின நாள் வரைக்கும் ஒன்றும் ஆகாமல்தான் இருந்திருக்கும்.

சரி, ஊர் விஷயத்துக்கு வருகிறேன். என் மைத்துனன் வேங்கிக்காலில் வீடு கட்டினான். அடித்தளம் போடும்போதே சொன்னேன், எர்த் குழி ஒன்று ஒழுங்காகத் தோண்டச் சொல்லுப்பா என்று. ஐ.எஸ். 3043 என்று எர்த்துக்கே தனித் தரநிலை இருக்கிறது. பைப் என்றால் குறைந்தது இரண்டரை மீட்டர் நீளம், பிளேட் என்றால் அதன் மேல் விளிம்பு தரையிலிருந்து ஒன்றரை மீட்டர் ஆழத்தில் இருக்க வேண்டும் என்றெல்லாம் விவரம் உண்டு. இங்கே மலையடிவாரம். மேலாகச் செம்மண், கொஞ்சம் போனால் கடப்பாறை டங்கென்று பாறையில் விழும். குழி தோண்ட வந்தவர் இடுப்பளவு போனதும் மேலே ஏறிவிட்டார். எலெக்ட்ரீஷியன் மிச்ச பைப்பை அறுத்துவிட்டார். அறுத்த துண்டு மாடிப்படி கைப்பிடிக்குப் பயன்பட்டது. உப்பும் கரியும் கொட்டி, மேலே ஒரு சிமெண்ட் மூடி வைத்து, "எர்த் அடிச்சாச்சு மாமா" என்று போன் வந்தது.

வாஸ்துக்காரர் வந்து மீட்டர் பெட்டி அக்னி மூலையில்தான் இருக்க வேண்டும் என்று சொன்னபோது போட்டதைப் பிடுங்கி மாற்றி வைத்தான் என்பதையும் இங்கே பதிவு செய்கிறேன். அதற்குச் செலவு கணக்குப் பார்க்கவில்லை.

பாறை நிலத்தில் எர்த் தடை ஏறும். அந்தக் குழியை மீட்டர் வைத்து அளந்தேன். 20 ஓம் சொச்சம் காட்டியது. அப்படியானால் கணக்குப் பாருங்கள். கீசருக்குள் பேஸ் வயர் உரசி உலோக உடம்பில் பட்டுவிட்டது. 230 வோல்ட்டை 20 ஓமால் வகுத்தால் பதினொன்றரை ஆம்பியர். அவ்வளவுதான் எர்த் வழியாக ஓடும். கீசருக்கு வைத்திருக்கிற எம்.சி.பி. 16 ஆம்பியர். பதினொன்றரைக்கு அது அசையவே அசையாது. நாள் பூராவும் அப்படியே நிற்கும். கீசரின் உடம்பும், அதோடு சேர்ந்த குழாயும் 200 வோல்ட்டுக்கு மேல் ஏறிக்கொண்டு காத்திருக்கும். எர்த்தும் இருக்கிறது, எம்.சி.பி.யும் இருக்கிறது, இரண்டும் சரியாகத்தான் வேலை செய்கின்றன, ஆனாலும் குளிக்கப் போகிறவர் திரும்பி வருவதற்கு உத்தரவாதம் இல்லை. எம்.சி.பி. வயரைக் காப்பாற்றுகிற சாமான். ஆளைக் காப்பாற்றுவது அதன் வேலை இல்லை.

ஆளுக்கு எவ்வளவு தாங்கும் என்பதை அமெரிக்காவில் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் சார்லஸ் டால்சியல் என்ற பேராசிரியர், தானாக முன்வந்த ஆட்களை வைத்து அளந்தார். கம்பியைப் பிடித்த கையை நினைத்தால் விடுவிக்க முடிகிற எல்லை ஆணுக்குச் சராசரி 16 மில்லி ஆம்பியர், பெண்ணுக்குப் பத்தரை. அதற்கு மேல் போனால் சதை இறுகிக் கை விடாது. ஊரில் "கரண்ட் இழுத்துப் பிடிச்சிடுச்சு" என்று சொல்வது இதைத்தான். இன்னும் ஏறினால் இதயம் தாளம் தப்பும். 9 வாட் எல்.இ.டி. பல்பு ஒன்று எரியக் குறைந்தது 40 மில்லி ஆம்பியர் வேண்டும். பூஜை அறையில் எரிகிற அந்தக் குட்டி பல்புக்குப் போகிற கரண்ட், சில வினாடி நெஞ்சு வழியாகப் போனால் ஆள் காலி. 16 ஆம்பியர் எம்.சி.பி. என்பது 16,000 மில்லி ஆம்பியர்.

இதற்குத்தான் ஆர்.சி.சி.பி. போகிற கரண்ட்டும் திரும்பி வருகிற கரண்ட்டும் சமமா என்று மட்டும் அது பார்க்கும். 30 மில்லி ஆம்பியர் வித்தியாசம் வந்தால் 0.3 வினாடிக்குள் வெட்டிவிட வேண்டும் என்பது விதி. வித்தியாசம் பெரிதாக இருந்தால் 0.04 வினாடிக்குள். நம் பாறை நிலத்துக்கு இதைவிடத் தோதான சாமான் கிடையாது. உடம்பில் 50 வோல்ட்டுக்கு மேல் ஏறாமல் வெட்ட வேண்டும் என்று வைத்துக்கொண்டால், 50-ஐ 0.03-ஆல் வகுத்துப் பாருங்கள்: எர்த் தடை 1,600 ஓம் இருந்தால்கூடப் போதும். இடுப்பளவு குழியும் அறுத்த பைப்பும்கூட இதற்கு ஏராளம். குழிக்காக அவனிடம் நான் சண்டை போட்டதெல்லாம் ஒரு பக்கம். விலை இரண்டாயிரம் ரூபாயை ஒட்டி வருகிற இந்த ஒரு பெட்டியைப் போட்டால் என் வாய் அடைந்துவிடும். ஹாலில் ஃபால்ஸ் சீலிங், அதற்குள் நிறம் மாறுகிற லைட், வாசலில் கிரானைட், எல்லாம் வந்த பிறகு இரண்டாயிரம் ரூபாய் இடித்தது. "ஈ.பி.யில கேட்டா போட்டுக்கலாம் மாமா."

ஈ.பி.யில் கேட்கத்தான் செய்கிறார்கள். புது இணைப்புக்கு இது கட்டாயம் என்று மாநில மின்சார ஒழுங்குமுறை ஆணையம் விதியில் சேர்த்தாகிவிட்டது. விதி வந்ததும் ஊர் என்ன செய்யும் என்று சொல்லித் தெரிய வேண்டுமா? வயரிங்கைச் சோதித்துப் பார்த்தேன் என்று உரிமம் உள்ள கான்ட்ராக்டர் ஒரு ரிப்போர்ட் தர வேண்டும். வீட்டு வாசலை மிதிக்காத ஒருவரின் கையெழுத்தோடு அந்தத் தாள் வந்து சேர்ந்தது. அதில் எர்த் தடை என்று ஒரு கட்டம். அரை ஓம் என்று எழுதியிருந்தது. பாறை நிலத்தில் அரை ஓம்! எங்கள் கூடத்தில் இதை அளக்கக் கருவியை வருஷா வருஷம் காலிப்ரேஷனுக்கு அனுப்புகிறோம், அவர் உட்கார்ந்த இடத்திலேயே அளந்துவிட்டார்.

எப்படியோ என் நச்சரிப்பு தாங்காமல் கீழ் வீட்டுக்கு ஒரு ஆர்.சி.சி.பி. வாங்கி மாட்டினான். மாட்டிய அன்றே டிரிப் ஆனது. திரும்பப் போட்டால் திரும்ப டிரிப். "டூப்ளிகேட் சார் இது" என்றார் எலெக்ட்ரீஷியன். பெட்டியில் தப்பில்லை. இன்வெர்ட்டர் லைனின் நியூட்ரலையும் மெயின் லைன் நியூட்ரலையும் ஒரே முடிச்சில் முறுக்கி வைத்திருந்தார். ஒரு வழியாகப் போன கரண்ட் இன்னொரு வழியாகத் திரும்பினால் பெட்டிக்கு வித்தியாசமாகத்தான் தெரியும். அது வெட்டத்தான் வெட்டும். பிரித்துக் கட்ட அரை நாள் ஆனது. அந்த அரை நாளும் எனக்கு ஒத்தாசைக்கு வந்தவர், "பேசாம இதைத் தூக்கிட்டு டைரக்ட் பண்ணிடலாம் சார்" என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.

2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழை ஊரைப் புரட்டிப் போட்டதே, அப்போது சுவரெல்லாம் ஈரம் கோத்து நின்றது. எங்கெல்லாம் ஆர்.சி.சி.பி. இருந்ததோ அங்கெல்லாம் டிரிப். சுவருக்குள் கரண்ட் கசிகிறது என்று அது சொல்கிறது. ஜனங்கள் எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டார்கள். அவர் வந்து இரண்டு துண்டு வயர் போட்டு பைபாஸ் செய்துவிட்டுப் போனார். லைட் எரிந்தது, டி.வி. ஓடியது, எல்லோருக்கும் திருப்தி. வீட்டில் நாய் குரைக்கிறது என்று அதன் வாயைக் கட்டிவிட்டுக் கதவைத் திறந்துபோட்டுத் தூங்கினதற்குச் சமானம். ஈரம் காய்ந்த பிறகு அந்த வயர்த் துண்டை எடுத்தவர்கள் எத்தனை பேர் என்று கேட்காதீர்கள். பெட்டியில் 'டி' என்று ஒரு சின்னப் பொத்தான் இருக்கும், அவ்வப்போது அழுத்திப் பார்க்க வேண்டியது. அது எதற்கென்று கேட்டால் 'டைமர்' என்கிறார்கள்.

ஃபிரிட்ஜைத் தொட்டால் சுரீர் என்கிறது என்று யார் வீட்டிலாவது சொன்னால் அதற்கு இங்கே ஒரே மருந்துதான்: செருப்புப் போட்டுக்கொண்டு திற. வாஷிங் மெஷினுக்கு முன்னால் ஒரு மரப் பலகை. லேப்டாப்பில் கை வைத்தால் நறநறவென்று இருந்தால், "அது அப்படித்தான்". அது அப்படித்தான் இல்லை. உள்ளே வடிகட்டிக்காக பேஸுக்கும் உடம்புக்கும் ஒரு கெப்பாசிட்டர், நியூட்ரலுக்கும் உடம்புக்கும் ஒரு கெப்பாசிட்டர் வைத்திருப்பார்கள். எர்த் இருந்தால் அந்தத் துளிக் கசிவு தரையில் போய்விடும். எர்த் இல்லாவிட்டால் உடம்பு நடுவில் தொங்கும், பாதி வோல்ட்டில், அதாவது 115-ல். கையில் எடுத்துப் புழங்குகிற கிளாஸ் ஒன் சாமானில் கசிவு 0.75 மில்லி ஆம்பியரைத் தாண்டக் கூடாது என்று நாங்கள் கட்டுப்படுத்தி வைத்திருப்பதால் அந்தச் சுரீரில் ஆள் போகாது. ஆனால் எர்த் இல்லை என்று வீடு உங்களுக்குச் சொல்கிற சேதி அது. நம் ஆட்கள் சேதியைக் கேட்காமல் இருக்க ரப்பர் செருப்பு வாங்குகிறார்கள்.

இதைவிட மோசம் ஒன்று இருக்கிறது. எர்த் கேட்டு அடம் பிடிக்கிற என் போன்ற ஆளுக்கு, சாக்கெட்டுக்குள் நியூட்ரலிலிருந்து எர்த் திருகுக்கு ஒரு துண்டு வயரை லூப் அடித்துக் கொடுத்துவிடுவார்கள். மூன்று லைட் வைத்த பிளக் டெஸ்டரைச் சொருகினால் எல்லாம் சரி என்று காட்டும். டெஸ்ட் பல்பு போட்டால் ஜெகஜோதியாக எரியும். "பாருங்க சார், எர்த் பக்கா." மழையில் காற்றில் போஸ்ட்டிலிருந்து வருகிற நியூட்ரல் எங்காவது விட்டுவிட்டால், வீட்டில் இருக்கிற எல்லா உலோக சாமானும் ஒரே நொடியில் முழு வோல்ட்டுக்கு வந்துவிடும், சுவிட்சை அணைத்து வைத்திருந்தாலும்கூட. எர்த்தே இல்லாத வீடு இதற்குத் தேவலை. வீட்டுக்காரர் ஏமாறாமல் இருக்கக் கடையில் விற்கிற டெஸ்டரும் உதவாது என்றால் நான் என்னத்தைச் சொல்ல?

இத்தனைக்கும் கரண்டுக்குப் பயப்படாத ஊர் இல்லை இது. கார்த்திகைத் திருவிழா ஏழாம் நாள் பஞ்ச ரதம் கிளம்பும்போது மேலே வயர் எங்கே போகிறது என்று பார்க்காதவர் யார்? 2022 ஏப்ரல் 27-ஆம் தேதி விடியற்காலை தஞ்சாவூர் பக்கம் களிமேட்டில் சப்பரம் உயரழுத்தக் கம்பியில் உரசி 11 பேர் செத்தது இங்கேயும் எல்லோர் நெஞ்சிலும் இருக்கிறது. சாலைக்குக் குறுக்கே போகிற உயரழுத்தக் கம்பி குறைந்தது 6.1 மீட்டர் உயரத்தில் இருக்க வேண்டும் என்ற விதி எனக்குத்தான் வேண்டும். தேர் இழுக்கிறவருக்கு விதி தெரியாமலே பயம் இருக்கிறது. ஏனென்றால் கம்பி கண்ணுக்குத் தெரிகிறது. வீட்டுச் சுவருக்குள் எது தெரிகிறது? பெயிண்ட்தான் தெரிகிறது.

ஐ.எஸ்.ஐ. பற்றி ஒரு வார்த்தை. தரக் கட்டுப்பாட்டு ஆணைகளின்படி வயர், சுவிட்ச், இஸ்திரிப் பெட்டி, ஹீட்டர் ராடு, கீசர் எல்லாம் ஐ.எஸ்.ஐ. இல்லாமல் விற்கவே கூடாது. முத்திரைக்குக் கீழே சி.எம்./எல். என்று ஆரம்பித்து ஓர் எண் இருக்கும். பி.ஐ.எஸ். கேர் என்ற செயலியில் அந்த எண்ணைப் போட்டால் உரிமம் உயிரோடு இருக்கிறதா இல்லையா என்று அங்கேயே சொல்லிவிடும். பஸ் ஸ்டாண்ட் பக்கத்தில் ஒரு கடையில் நான் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் ஒன்றைத் திருப்பி எண்ணைத் தேடிக்கொண்டிருந்தேன். கடைக்காரர், "சார், வாங்குறதா இருந்தா வாங்குங்க, ஆராய்ச்சி பண்ணாதீங்க" என்றார். என் உத்தியோகத்தையே ஒருவர் வசவாகப் பயன்படுத்திக் கேட்டது அன்றைக்குத்தான்.

இப்போது புதிதாக ஒன்று முளைத்திருக்கிறது. மைத்துனன் மாடியில் மூன்று ரூம் போட்டு, பௌர்ணமி கிரிவலத்துக்கு வருகிறவர்களுக்கு விடுகிறான். இந்தப் பக்கத்தில் காலி மாடி வைத்திருக்கிறவர்கள் எல்லோரும் அதைத்தான் செய்கிறார்கள், குறை சொல்லவில்லை. கார்த்திகை தீபத்துக்கு மூன்று ரூமும் புக் ஆகிவிட்டது. குளிரில் வெந்நீர் கேட்பார்கள் என்று ரூமுக்கு ஒன்றாக ஹீட்டர் ராடு வாங்கி வந்து என்னிடம் பெருமையாகக் காட்டினான்.

"ஐ.எஸ்.ஐ. பார்த்துத்தான் வாங்கினேன் மாமா. நீங்க சொன்ன மாதிரி நம்பரைப் போட்டுப் பார்த்தேன், சரியா இருக்குது."

வாங்கிப் பார்த்தேன். நிஜமாகவே நல்ல சரக்கு. மூன்று பின், எர்த் பின் நீளமாக, தண்ணீர் எது வரைக்கும் இருக்க வேண்டும் என்ற கோடு எல்லாம் இருந்தது. எங்கள் கூடத்துக்கு வந்திருந்தாலும் பாஸ் ஆகியிருக்கும். மாடிக்கு ஏறிப் போய் பாத்ரூம் பிளேட்டைக் கழற்றினேன். சிவப்பு ஒன்று, கறுப்பு ஒன்று.

"மாடிக்கு ஆர்.சி.சி.பி.?"

"மாடி வேற மீட்டர் மாமா."

"அதனால?"

"கீழதான் ஒண்ணு போட்டாச்சே."

ஊர் பேர் தெரியாதவர்கள், ஈரத் துண்டோடு, பிளாஸ்டிக் பக்கெட்டில் ராடைப் போட்டுவிட்டு, சுட்டுவிட்டதா என்று விரலை விட்டுப் பார்ப்பார்கள். ஸ்விட்சை அணைத்துவிட்டுத்தான் தொட வேண்டும் என்று அட்டையில் அச்சடித்திருக்கிறது, அட்டை குப்பைக்குப் போய்விட்டது. இதையெல்லாம் சொன்னேன். கையைக் கட்டிக்கொண்டு கேட்டான், பெரியவர்கள் பேசும்போது கேட்க வேண்டுமே என்று.

"ரெண்டு நாள்தானே மாமா. தீபம் முடியட்டும், தை பொறந்ததும் ஆளை விட்டு எல்லாத்தையும் மாத்திடலாம்."

ராடு மூன்றையும் பையில் போட்டு எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். அவன் அக்காவிடம் புகார் போய், வீட்டில் விசாரணை நடந்து, தீர்ப்பும் ஆகிவிட்டது: தீபத்துக்கு நான் லீவு போட்டு வர வேண்டுமாம், மாடிக்கு வருகிறவர்களுக்கு கேஸ் அடுப்பில் வெந்நீர் வைத்து நானே தூக்கிக்கொண்டு போய்க் கொடுக்க வேண்டுமாம்.